தை மாதப் பூச்செண்டு

கலியாணம், பொங்கல் விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா முதலியவை கிராமங்களில் தை மாதத்தில் மிகுதியாக நடைபெறுகின்றன. அச்சமயங்களில் பட்டணத்திலிருந்து பணம் கொடுத்துத் தருவிக்கப்படும் பூச்செண்டு வழியிலேயே பாதி வாடிவிடுகிறது. கிணற்றடியில் ஒரு சென்ட் நிலம் இருப்பின், அதனினும் மேலான செண்டை வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். ஆயினும், வீட்டுத் தோட்டத்துப் பூக்களும் சில மணி நேரத்தில் தலைசாய்ந்துவிடுகின்றன என்பது பலருடைய குறை. குற்றம் பூவிலன்று, அறுக்கும் வேளையிலும் வைக்கும் முறையிலுமே உள்ளது.

பயிரிடுதல்: சாமந்தியின் பக்கக் கன்றுகளை ஆனி, ஆடியில் பிரித்து நட்டால், இரவு நீளும் மார்கழி, தையில் நன்கு பூக்கும். துலுக்கச் சாமந்தியும் ஜினியாவும் விதைத்த ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கத் தொடங்கும். ஆதலால் ஐப்பசியில், மழை நேரே அடிக்காத மேட்டுப் பாத்தியில் அவற்றை நாற்று விடவேண்டும். நிலச்சம்பங்கிக் கிழங்கை முன்னரே ஊன்றியிருத்தல் வேண்டும்.

அறுத்தல்: வெயில் ஏறினபின், வேர் தரும் ஜலத்தினும் அதிகமாகச் செடி இலை வழியே இழக்கின்றது. அவ்வேளையில் அறுத்த காம்பு காற்றை உள்ளிழுக்க, நீரேறும் நுண்குழாய்கள் அடைபட்டுப் போகின்றன. ஆகவே அதிகாலையில், கூரிய கத்தியால் சாய்வாக அறுத்து, உடனே காம்புகளை வாளி ஜலத்தில் ஆழ அமிழ்த்தி, இரண்டு மணி நேரம் நிழலில் வைக்கவேண்டும். நிலச்சம்பங்கியை அடிப்பூக்கள் இரண்டு மூன்று விரிந்ததும் அறுக்கலாம். மற்றவை பின்னர் கீழிருந்து மேலாக விரியும். ஜினியா நன்றாக மலர்ந்திருக்கவேண்டும். காம்பைப் பிடித்து அசைத்தால் பூ துவளுமாயின் இன்னும் பருவம் வரவில்லையென்று அறிக.

கட்டுதல்: நெடிய சம்பங்கித் தண்டு மூன்றை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் சாமந்தியையும் ஜினியாவையும், கனத்த கோழிக்கொண்டையைத் தாழவும், ஓரத்தில் வாடாமல்லியையும் மருக்கொழுந்தையும் சேர்த்து, வாழைநாரால் இறுக்காமல் கட்டவேண்டும். செம்பில் வைப்பதாயின், செண்டின் உயரம் செம்பைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பது அழகு.

பாதுகாத்தல்: ஜலத்தில் அமிழும் இலைகளை உருவிவிடவேண்டும், அவை அழுகினால் கிருமிகள் பெருகிக் காம்பை அடைக்கும். தினந்தோறும் ஜலத்தை மாற்றி, காம்பின் அடியில் ஒரு விரற்கடை நறுக்கவேண்டும். பழுத்த வாழைப்பழத்தின் அருகில் செண்டை வைக்கலாகாது. அதினின்று வெளிப்படும் ஒருவித வாயு பூவை விரைவில் வாட்டும்.

அழகுக்காக அரளியைச் சேர்ப்பது தகாது. அதன் எல்லாப் பாகங்களும் விஷம். வாடிய செண்டை மாட்டுத் தொட்டியருகே எறிவதும் உண்டாதலின், சில இலைகளே கால்நடையின் உயிரைப் போக்கிவிடக்கூடும். வாடிய பூக்களை எருக்குழியில் இடுக. வாடாமல்லியை மாத்திரம் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டால், நிறம் மாறாமல் பல மாதம் இருக்கும். துலுக்கச் சாமந்தியிலும் ஜினியாவிலும் சிறந்த செடிகள் சிலவற்றை அறுக்காது விட்டு விதையெடுத்தால், அடுத்த ஐப்பசிக்கு விதைச் செலவும் இல்லை.