இறைத்தால் உப்பு போகுமா?

"சுனாமி வந்து கிணற்றில் உப்புத் தண்ணீர் நிறைந்தால், மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இறைத்துவிட்டால் சரியாகிவிடாதா?" என்று சிலாபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இலங்கைக்கு நிவாரணத்துக்கு வந்த பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சுமாத்திராக் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்த அன்று பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் சிலாபம் இருக்கும் புத்தளமும் ஒன்று. ஆனால் பேரடி விழுந்தது கிழக்கிலும் தெற்கிலும்தான். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கான கிணறுகள் சவராகின. வந்த உதவிகளில் படம் பிடிக்கத் தோதானது பம்பு. குழாய் வாயில் தண்ணீர் பீறிட்டால் வேலை நடப்பது தெரியும். உப்பு குறைந்ததா என்பது படத்தில் தெரியாது.

மணற்கரையில் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள மணல்திட்டைக் குறுக்கே வெட்டிப் பார்க்க முடிந்தால், அந்த நன்னீர் அப்பம் மாதிரி இருக்கும்: இரு கரையோரமும் மெல்லிசு, நடுவில் தடித்துக் கீழே தொங்கும் வயிறு. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. எல்லாக் கூத்தும் அந்த ஒரு பங்கால்தான். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 30 சென்ரிமீற்றர் நின்றால், கீழே 12 மீற்றருக்கு நன்னீர் இறங்கியிருக்கும். மேலே 10 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், நாளடைவில் அடியிலுள்ள உப்புநீர் 4 மீற்றர் ஏறிவிடும். மேலே நாலு விரற்கடை கிள்ளினால் அடி ஆள் உயரத்துக்கு மேல் எழும்பும் அப்பத்தை எந்தக் கடையிலும் சுடமாட்டார்கள். முட்டை அப்பம் கேட்டாலோ இன்னும் மோசம்: இறைக்கும் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு கூம்பாக எழும்பி, மஞ்சள்கரு இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும்.

பெயர் வேண்டுவோருக்கு: 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடன் கைபென், 1901-இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க். கணக்கு இன்றும் அவர்கள் பெயரில்தான்.

சுனாமி செய்தது, உப்பு அடியிலிருந்து ஏறுவதற்குத் தலைகீழ். உப்பை மேலிருந்து ஊற்றியது. கிணற்று வழியே சட்டென்றும் மணல் வழியே மெல்லவும் அது இறங்கிக்கொண்டிருந்தது. கனமான நீர் தானாகவே கீழே போகிற நேரத்தில் பம்பைப் போட்டால் அது திரும்பி வரும், அடியிலிருந்ததையும் கூட்டிக்கொண்டு. இறைத்ததைக் கிணற்றடியிலேயே கொட்டினால் மணல் அதையும் குடித்துத் திருப்பித் தரும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பார்கள், ஊறும், உப்பாக.

சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார் மட்டக்களப்புக் கரையில் கிணறுகளைத் தொடர்ந்து அளந்தார்கள். திரும்பத் திரும்ப இறைத்ததால் உப்பு சொல்லும்படி குறையவில்லை. குறைத்தது பருவமழை. குளோரினை இதில் இழுக்க வேண்டாம், அது கிருமிக்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பளபளப்பான காணொளிகள் வருகின்றன. அது வாளிக்கு உதவும், மணலுக்குள் இருக்கும் உப்பை ஒன்றும் செய்யாது.

ஆகவே சிலாபத்து வாசகருக்கு: சேறும் குப்பையும் போக ஒரு தடவை இறைக்கலாம். மெதுவாக, கிணறு வற்றாமல். அவசரப்பட்டால் கிணற்றுச் சுவரே உள்ளே சரியக்கூடும். குழாய் முனையைத் தூரமாக, முடிந்தால் கடல் பக்கம், இழுத்துப் போடுங்கள். பிறகு மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு மழையைப் பாருங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் பவுசர் தண்ணீர்தான். நிவாரணக் குழு வந்து என்ன வேண்டும் என்று கேட்டால், பம்புக்கு முன் அதைக் கேளுங்கள்.