மனவடுவும் காந்தச் சிகிச்சையும்

1990 ஆகஸ்ட் 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அப்படியான இரவிலிருந்து தப்பிய ஒருவருக்குப் பட்டாசுச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமாகவே கேட்கும். ஸஃப்பில் நிற்கவே கால் கூசும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதை 'மனவடு' என்றார். நல்ல சொல்.

மூளையில் பயத்தைக் கிளப்புவது அமிக்டலா. அதற்குக் கடிவாளம் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளை. மனவடுவில் கடிவாளம் தளர்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. தலைமேல் கம்பிச்சுருளை வைத்து மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சினால், காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து நரம்புகளைத் தூண்டும். 1985இல் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கர் இதைச் செய்து காட்டினார். மனவடுவுக்குப் பெரும்பாலும் வலது முன்மூளையைத்தான் தூண்டுகிறார்கள், சில வாரங்களுக்கு.

எங்கள் பொகவந்தலாவைப் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்று பயப்படுவார்களே, அது வேறு. இதில் மயக்க மருந்து இல்லை. தலையிடி வரலாம், அரிதாக வலிப்பும் வரலாம். தலைக்குள் உலோகம் இருந்தால் பெரும்பாலும் கூடாது. ஷெல் சிதறலோடு வாழ்கிறவர்கள் உள்ள நாட்டில் இது சின்ன விசயமில்லை.

அமெரிக்கா 2008இல் இதை மனச்சோர்வுக்கு அனுமதித்தது. மனவடுவில் ஆய்வுகள் நம்பிக்கை தந்தாலும் பெரும்பாலும் சிறியவை. பயிற்சி பெற்றவரோடு நடந்ததைப் பேசித் தீர்க்கும் சிகிச்சையே இன்றும் முதலாவது. அதை நம்மவருக்குத் தமிழில் செய்ய ஆள் வேண்டும்.