ஈரம் போனால் மொறுமொறுப்பு

சென்ற ஆண்டு என் மனைவிக்கு இருதயச் சிகிச்சை நடந்தது. அன்றோடு எங்கள் வீட்டில் வாணலியில் எண்ணெய் காய்வது நின்றது. மகன் ஏர் ஃப்ரையர் வாங்கித் தந்தான். முதலில் செய்த காய்கறி நகெட் துவண்டு கிடந்தது. "இதற்கு இட்லியே தேவலை" என்றாள். ரயில்வே பொறியாளனாக இருந்தவனுக்கு இது கௌரவப் பிரச்னை!

இந்தச் சாதனம் விசிறி வைத்த சிறிய அடுப்புதான். சூடான காற்று எண்ணெயைப்போல் விரைவாக வெப்பத்தைக் கொடுக்காது. ஆகவே ஈரத்தை நாம்தான் முன்கூட்டியே குறைக்க வேண்டும்.

துருவிய கேரட், கோஸில் உப்புப் போட்டு, 10 நிமிடம் கழித்துத் துணியில் பிழியுங்கள். தில்லிக் குளிரில் மலிவாகக் கிடைக்கும் பட்டாணியை வேகவைத்து, நீரை வடித்துச் சேருங்கள். வெந்து ஆறிய 2 உருளைக்கிழங்கு, இஞ்சி, பச்சைமிளகாய், 2 ஸ்பூன் சோளமாவு போட்டுப் பிசைந்து துண்டுகளாக்குங்கள். மைதாக் கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி, அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிறகு லேசாக எண்ணெய் தடவி, முன்பே சூடேற்றிய ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் சுமார் 15 நிமிடம். நடுவே ஒருமுறை திருப்புங்கள். இடைவெளி விட்டு அடுக்குவது முக்கியம். பாசஞ்சர் வண்டிபோல் நெருக்கினால் நீராவி வெளியேறாது.

நேற்று என் மனைவி 4 எடுத்துக்கொண்டாள். அவள் கடித்த சத்தம் கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது.