பதக்கத்தின் விளிம்பு

போர்ப் பதக்கங்கள் இருவகைப்படும். தனியொருவன் ஆற்றிய அருஞ்செயலுக்கு அளிக்கப்படுவது ஒன்று. ஒரு போரிற் பங்குகொண்டார் அனைவர்க்கும் பொதுவாக அளிக்கப்படுவது மற்றொன்று. குடியேற்ற நாட்டுக் காலப் பதக்கங்களைத் தொகுப்போர் பலர் பின்னதனையே பெரிதும் நாடுவர். அதற்குக் காரணம் யாது?

1815ஆம் ஆண்டு வாட்டலூப் போரின் நினைவாக ஆங்கில அரசு வழங்கிய வெள்ளிப் பதக்கம், தளபதி முதற் கடைநிலைச் சிப்பாய் ஈறாக யாவர்க்கும் ஒரே தன்மையதாய் இருந்தது. பெற்றவனுடைய பெயரும் படைப்பிரிவும் அதன் விளிம்பிற் பொறிக்கப்பட்டன. வரலாற்று நூல்கள் தளபதியரையே பெரிதும் பேசும். விளிம்போ சிப்பாயின் பெயரையும் நமக்குக் கூறும்.

கும்பினியார் முன்னர் அளித்தவை இத்தகையன அல்ல. 1799 மே 4இற் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டதைக் குறிக்கும் பதக்கத்திற் சிங்கம் ஒன்று புலியை அடக்கி நிற்கும். புலி திப்புவின் சின்னமாகும். பொன், பொன்முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், வெள்ளீயம் எனப் பதவிக்கேற்ப உலோகமும் வேறுபட்டது. விளிம்பிற் பெயர் பொறிக்கப்படவில்லை.

நம் நாட்டுத் தொடர்புடைய பதக்கமும் ஒன்றுண்டு. 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலை, யாழ்ப்பாணம், கொழும்பு ஆகியவற்றை ஆங்கிலேயர் கைப்பற்றினர். அப்போரிற் பணிபுரிந்த வங்காளப் பீரங்கிப் படை இந்தியர்க்கு அளிக்கப்பட்டவை பொன்னில் 2, வெள்ளியில் 121. ஒருபுறம் ஆங்கிலமும் மறுபுறம் பாரசீகமும் காணப்படும். பெற்றவன் பெயர் மட்டும் இல்லை.

பெயருள்ள பதக்கத்தை வாங்குவோன் விளிம்பையே முதலில் நோக்கல் வேண்டும். பழைய பெயரை அராவி நீக்கிப் புதுப்பெயர் பொறிப்பாரும் உளர். அராவிய பதக்கத்தின் குறுக்களவு சிறிது குறைந்திருக்கும். எழுத்தின் வடிவமும் வேறுபடும். இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துப் பதக்கப் பதிவேடுகளோடு பெயரை ஒப்புநோக்கலாம். மினுக்குவதற்காகத் தேய்த்தலும், ஒருவன் பெற்ற பல பதக்கங்களைப் பிரித்து விற்றலும் தகா.

நம்மை ஆண்டவர்தம் வெற்றிச் சின்னத்தைப் பேணுதல் தகுமோ எனச் சிலர் வினவுவர். பதக்கத்தின் முகம் வென்றவர் கூற்று. அதனை நாம் போற்ற வேண்டுவதில்லை. ஆயின், கூலிக்காகப் பிறர் போரிற் பொருத எளியவனுக்குக் கல்லறையும் நூலும் இல்லாதவிடத்து, விளிம்பிலுள்ள ஒருவரியே அவன் வாழ்ந்தமைக்குச் சான்றாகலாம். அவ்வரியைக் காப்பதே தொகுப்போன் கடன். இளமாணவர் தம் வீட்டுப் பெட்டகங்களிற் பழம்பதக்கம் கண்டால், உருக்கக் கொடுக்குமுன் அதன் விளிம்பை வாசிப்பாராக.