நாளைக்கு ஸ்கூல் இருக்கா?

பிளேன்டீ ஆறட்டும், அதற்குள் விஷயத்துக்கு வருகிறேன். மொனராகலைப் பக்கத் தோட்டமொன்றில், பிள்ளையை இரண்டாம் தரத்துக்கு அனுப்புகிற ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாடசாலை திடீரென்று மூடப்பட்டால் அவளுக்கு அரசாங்கத்தின் விளக்கம் எதுவும் வேண்டாம். நாளைக்கு ஸ்கூல் இருக்கா இல்லையா, அவ்வளவுதான். இல்லையென்றால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று இரவே முடிவாக வேண்டும். விடிந்த பிறகு தெரிந்தால் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்திவிடும், அன்றைக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், கிடைப்பதே பெரிது. இறப்பர் மலையில் பால் வெட்டப் போகிறவர்கள் இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு அதிபர் வாட்ஸ்அப்பில் போடுகிற அறிவித்தலால் இவர்களில் யாருக்கும் பயனில்லை.

கத்தோலிக்கப் பாடசாலை என்றால் இன்னொரு முடிச்சும் உண்டு. வாசலில் புனிதரின் பெயர் இருக்கும், உள்ளே மாதா சுரூபம் இருக்கும். ஆனால் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அரசின் கைக்குப் போய்விட்டன. சில மட்டுமே திருச்சபையின் தனியார் பாடசாலைகளாக நின்றன. பதுளை, மொனராகலை மாவட்டங்களுக்கான பதுளை மறைமாவட்டமே 1972இல்தான் உருவானது, அதாவது பாடசாலைகள் கைமாறிப் பத்தாண்டுக்கு மேல் கழித்து. ஆகவே சுற்றறிக்கை வருவது வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து. சனம் நம்பிக் கேட்பதோ ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை சொல்வதை. இரண்டும் ஒரே தேதியைச் சொன்னால் பிரச்சினை இல்லை.

2019இல் அப்படி அமையவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. இரண்டாம் தவணை தள்ளிப்போனது. பிறகு அரசாங்கப் பாடசாலைகள் தரம் 6இலிருந்து மேலே மே 6ஆம் திகதியும், ஆரம்பப் பிரிவு மே 13ஆம் திகதியும் திறக்கும் என்று வந்தது. கத்தோலிக்கப் பாடசாலைகள் அப்போது திறக்கப்படமாட்டா என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் தனியே அறிவித்தார். இப்போது கணக்குப் பாருங்கள். மகன் ஏழாம் தரம், மகள் மூன்றாம் தரம் என்றால் ஒரே வீட்டுக்கு இரண்டு தேதி. மகளின் பாடசாலைக்குப் புனிதரின் பெயர் இருந்தால் மூன்றாவதாக ஒரு சந்தேகம். கொழும்பிலிருந்து கர்தினால் சொன்னது, அரசாங்கமே நடத்தும் நம்முடைய பாடசாலைக்கும் சேர்த்தா? தொலைக்காட்சிச் செய்தி அதைப் பிரித்துச் சொல்லாது. அதிபரும் பங்குத்தந்தையும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, “இது அரசாங்கப் பாடசாலை, நமக்கு இந்தத் தேதிதான்” என்று சொன்னால்தான் தெளியும்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் குண்டு வெடித்த அன்றே முடக்கியது. ஏப்ரல் 30இல்தான் தடை நீங்கியது. பெற்றோர் குழுவை மட்டும் நம்பியிருந்த பாடசாலை, மிக அவசியமான ஒன்பது பத்து நாள் ஊமையாகிப் போனது என்று அர்த்தம். வதந்திகள் மட்டும் எப்படியோ நடந்தன.

தோட்டத்தில் தடை போடாமலே இந்த நிலைமை உண்டு. போன் அப்பாவின் பையில், அப்பா கொழும்பில். ரீலோட் தீர்ந்திருக்கும். சிக்னல் பெரிய கதை. 2021இல் லுணுகலைப் பகுதியின் பொகிட்டியாவ ஊரில் பிள்ளைகளும் ஆசிரியையும் ஒன்லைன் பாடத்துக்காகக் காட்டு வழியே மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து பாறை உச்சிக்கு ஏறியது உலகச் செய்தியானது. பாடத்துக்கே அப்படியென்றால், “நாளை விடுமுறை” என்ற ஒரு வரிக்காக யார் ஏறுவார்கள்?

அதனால் செய்தி ஆட்கள் போகிற வழியில் போக வேண்டும். பெரட்டுக்களத்தில் கங்காணி, கொழுந்து நிறுக்கும் மடுவம், பிள்ளைக் காம்பரா ஆயம்மா, கூட்டுறவுக் கடை, கோயில் ஒலிபெருக்கி, வீடு வீடாகப் போகிற உபதேசியார். பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் படிப்பதில்லை, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியை விட்டுவிட்டால் பாதி லயத்துக்குச் செய்தி சேராது. நான் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாலை மடுவத்தைச் சொல்வேன். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிற எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பார்கள், அடுத்த நாளைத் திட்டமிட இரவும் கையில் இருக்கிறது.

எப்படிச் சொல்வது? மொனராகலை சிங்களப் பெரும்பான்மை மாவட்டம். முதலில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் சிங்களச் சுற்றறிக்கைதான். அதைப் படமெடுத்து அப்படியே அனுப்புவது வேலையைத் தட்டிக்கழிப்பது. எந்தத் தரத்துக்கு, என்ன கிழமை, என்ன திகதி, எத்தனை மணிக்கு விடும், சாப்பாடு உண்டா என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். கிழமையும் திகதியும் சேர்ந்தே வரட்டும். 2022இல் எரிபொருள் இல்லாமல் மூடிய பாடசாலைகள் ஜூலை 25இல் திறந்தபோது திங்கள், செவ்வாய், வியாழன் மட்டுமே வகுப்பு. புதன் வீட்டில், வெள்ளி வீட்டில். சின்னப் பிள்ளைக்கு இது தலைசுற்றும். சுவரில் ஒட்டிய ஒரு கட்டம்தான் அங்கே உதவும்.

“மறு அறிவித்தல் வரை” என்று முடிக்காதீர்கள். எப்போது திறக்கும் என்று அதிபருக்கும் தெரியாமல் இருக்கலாம், அதில் வெட்கமில்லை. அடுத்த செய்தி எப்போது வரும் என்றாவது அவருக்குத் தெரியும். “வியாழன் மாலை மடுவத்தில் சொல்வோம், ஒன்றும் மாறாவிட்டாலும் சொல்வோம்.” இது பஸ் வராவிட்டாலும் டைம் கீப்பர் வந்து நிற்பது மாதிரி. அவரைப் பார்த்தாலே பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

மண்சரிவு வந்தால் நிலைமை வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை இறங்கியபோது, பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள், லயங்கள் மூடுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் சனம் அங்கேயேதான் குடியிருந்தது. எச்சரிக்கை வந்தும் போவதற்கு இடம் காட்டப்படாவிட்டால் அது கோப்பில்தான் கிடக்கும். பிறகு அயலிலிருந்த பாடசாலைகளே முகாம்களாயின. வகுப்பறையில் குடும்பங்கள் படுத்திருக்க, அதே வகுப்பின் பிள்ளைகளுக்கு எங்கே பாடம் என்று சொல்ல வேண்டியிருந்தது.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் பதுளையை உருக்குலைத்தபோதும் இதே கதை. டிசம்பர் 16 என்று நாட்டுக்குப் பொதுவான ஒரு திகதி வந்தது, எல்லாப் பாடசாலைக்கும் அது பொருந்தவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அறிவித்தல் ஒருவழியாகப் போனால் போதாது. குடும்பம் இப்போது எந்த முகாமில், எந்தச் சொந்தக்காரர் வீட்டில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். திறந்த முதல் நாள் பதிவேட்டில் வராத பிள்ளைகளின் பெயர்களை எடுத்து அன்று மாலையே ஆள் அனுப்ப வேண்டும். மொனராகலையில் இருட்டினால் யானை நடமாட்டம், ஆகவே நான்கு மணிக்கே அனுப்பிவிடுங்கள்.