சிவகாசி வெயிலில் எலுமிச்சை போன்சாய்: மொட்டை மாடியில் பிழைக்குமா?

மழை குறைவு, வெயில் அதிகம், காற்றில் ஈரம் கம்மி. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்று தொழில்களும் சிவகாசியில் வேரூன்ற இந்த வறண்ட வானிலை ஒரு முக்கியக் காரணம். மருந்தும் காகிதமும் சட்டென்று காய்ந்தாக வேண்டும், இங்கே காய்கிறது. அதே வெயிலில், நான்கு விரல் ஆழத் தட்டில் நிற்கும் எலுமிச்சைச் செடியும் அதே வேகத்தில்தான் காயும்.

ரீல்ஸில் காய்த்துக் குலுங்கும் குட்டி ஆரஞ்சு மரத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, ஆன்லைனில் ஆர்டர் போட்டு, சித்திரை முடிவதற்குள் குச்சியாக நிற்பதைப் பார்த்தவர்கள் விருதுநகர் மாவட்டத்தில் நிறையவே இருப்பார்கள். செடி செத்ததற்குக் கைராசி காரணமில்லை. தண்ணீர், மண், தளத்தின் சூடு ஆகிய மூன்றும்தான் காரணம்.

எந்தச் செடி வாங்கலாம்?

போன்சாயில் கிளையும் இலையும் சிறுக்கும்; பழம் சிறுக்காது. கைப்பிடி உயர மரத்தில் முழு அளவு நார்த்தங்காய் தொங்கினால் கிளை முறியும், பார்க்கவும் ஒட்டாது. அதனால்தான் உலகம் முழுக்க பழமே சின்னதாக இருக்கும் கும்குவாட், கலமொண்டின் வகைகளைத் தேர்வு செய்கிறார்கள். ஹாங்காங்கிலும் வியட்நாமிலும் சந்திரப் புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் வைப்பது இந்தக் கும்குவாட் தொட்டிகளைத்தான். நம்மூர் நர்சரிகளில் ‘சைனா ஆரஞ்ச்’ என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் கலமொண்டின்.

நாட்டு எலுமிச்சை வேண்டுமென்றால் தூரம் போக வேண்டியதில்லை. ‘எலுமிச்சை நகரம்’ என்று பெயர் வாங்கிய புளியங்குடி, ராஜபாளையத்தைத் தாண்டினால் வந்துவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 ரகமும் தொட்டிக்குச் சரிவரும்.

விதை போட்டு வளர்க்கலாமா? தாராளமாக. எலுமிச்சை விதைக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று கன்றுகள்கூட முளைக்கும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் நகல்கள். ஆனால் காய்ப்புக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு விண்பதியம் போட்ட செடிதான் சரி. ஒட்டுச்செடி சீக்கிரம் காய்க்கும் என்றாலும் ஒட்டுப்போட்ட இடத்தில் அடிமரம் வீங்கி நிற்கும். தோட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. போன்சாயில் முதலில் கண்ணில் படுவதே அதுதான்.

ஆன்லைனில் ‘நீல எலுமிச்சை’, ‘ஊதா எலுமிச்சை’ விதை என்று படம் போட்டு விற்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. காசை மிச்சம் பிடியுங்கள்.

உண்மையான வில்லன் தண்ணீர்

எலுமிச்சைக் குடும்பம் லேசான அமிலத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கம் கரிசல் மண் காரத்தன்மை கொண்டது. போர்வெல் தண்ணீரோ பல இடங்களில் உப்பு. தோட்டத்து மரம் ஆழத்துக்கு வேர்விட்டுச் சமாளித்துவிடும். தொட்டிச் செடி எங்கே போகும்? ஊற்ற ஊற்ற உப்பு தங்கி, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது. மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் காரத்தன்மையால் வேரால் உறிஞ்ச முடியாது. அடையாளம் சுலபம்: புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ‘தண்ணி பத்தலை போல’ என்று அதே போர் தண்ணீரை இன்னும் ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழைநீரை இரண்டு டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வைத்தால் ஒரு போன்சாய்க்குப் பல வாரங்கள் ஓடும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு இருக்காது, சேர்த்துவைத்து ஊற்றலாம். ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைத் தொடவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மஞ்சள் தட்டிய செடிக்கு நுண்ணூட்டக் கலவையைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கலந்து, சாயங்காலம் இலையில் தெளித்தால் புதுத் துளிர் பச்சையாக வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட் பட்டாசுக்கும் மூலப்பொருள், பயிருக்கும் உரம். கந்தகமும் அப்படித்தான், மண்ணின் காரத்தைக் குறைக்க விவசாயத்தில் போடுவார்கள். ‘ஆலையில மிச்சம் கெடக்கு, கொஞ்சம் கொண்டு வர்றேன்’ என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் சின்ன பாக்கெட்டே தருவார்கள்.

மண்ணும் மாடியும்

கரிசல் மண்ணைத் தொட்டியில் நிரப்பினால் நனைந்ததும் களியாகும், காய்ந்ததும் வெடிக்கும். இரண்டுமே மெல்லிய வேரை அறுக்கும். உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, கொஞ்சம் செம்மண், நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், இவ்வளவு போதும். செங்கல் துண்டு கடுகளவுக்குப் பெரிதாகவும் கடலைப் பருப்பைவிடச் சிறிதாகவும் இருக்கட்டும். ஊற்றிய தண்ணீர் உடனே அடித்துளை வழியே வெளியேற வேண்டும். அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கினால் வேர் அழுகும்.

சித்திரை, வைகாசியில் தொட்டியை நேரடியாகத் தளத்தில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் ஏற்றி, ஈரச் சாக்கைச் சுற்றுங்கள். காலை வெயில் முழுசாக வேண்டும். பதினொரு மணிக்கு மேல் பச்சை வலை நிழல். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர். கோடையில் இது ஒரு நாளைக்கு இரண்டு முறைகூட ஆகலாம். வார இறுதியில் மதுரைக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

வேர் வெட்டி மண் மாற்றும் வேலை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை. புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்ததும் செய்யலாம். கோடையில் வேரில் கை வைத்தால் மரம் மீளாது. கிளையை வளைக்கக் கம்பி சுற்றுபவர்கள் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையில் பதிந்த தழும்பு லேசில் மறையாது.

இலையில் பறவை எச்சமா?

தொட்டுப் பாருங்கள், நகரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு அச்சு அசலாக எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தோட்டத்து மரத்துக்கு இது பெரிய விஷயமில்லை. ஐம்பது இலை உள்ள போன்சாயை மூன்று, நான்கு புழுக்கள் சில நாளில் மொட்டையடித்துவிடும். மருந்து தேவையில்லை, கையால் எடுத்தால் போதும். கொல்ல மனசில்லையா? வில்வ மரம் இருந்தால் அதில் விடலாம். கறிவேப்பிலையில் விட்டால் ரசத்துக்குத் தாளிக்க இலை இருக்காது.

துளிரில் வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் அது இலைத்துளைப்பான். வேப்பெண்ணெய்க் கரைசலைத் துளிர் விடும்போதே சாயங்காலம் தெளிக்க வேண்டும்.

வெட்டிய இலைகளை வீணாக்க வேண்டாம். மருந்தடிக்காத எலுமிச்சை, நார்த்தை இலையை மிளகாய், புளி, உப்பு, ஓமத்தோடு இடித்தால் மோர்சாதத்துக்கு வேப்பிலைக்கட்டி ரெடி.

நம்ம மண்ணின் மாற்று

சிவகாசி வெயிலுக்குப் பொருத்தமானவை வெளிநாட்டுக் கும்குவாட்டைவிட, அதே எலுமிச்சைக் குடும்பத்து உள்ளூர் மரங்கள்தான். ஒன்று விளா, இன்னொன்று குருந்து. குருந்தைக் காட்டு எலுமிச்சை என்றும் சொல்வார்கள். திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் உபதேசம் பெற்றது குருந்த மரத்தடியில் என்பது மரபு. இதன் நெருங்கிய உறவான ஒரு செடி, சீனாவிலும் தைவானிலும் போன்சாய்க்காரர்களின் செல்லப்பிள்ளை. விளாவும் இந்தோனேசியாவில் அப்படியே. இரண்டும் வறட்சி தாங்கும், இலையும் சின்னது. பழத்துக்கு அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

கன்று நர்சரியில் கேளுங்கள், இல்லாவிட்டால் விளாம்பழ விதையை எடுத்துப் போடுங்கள். செண்பகத்தோப்புப் பக்கம் போய் முதிர்ந்த வேரோடு ஒரு குருந்தைப் பெயர்த்து வரும் யோசனை மட்டும் வேண்டாம். அந்த மலைக்காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். செடியைத் தோண்டினாலும் வழக்குதான்.