ஏலத்தோட்ட மழைக்கணக்கைச் சுமக்குமா மாணவர் செயற்கைக்கோள்?

போடியில் வெயில் காயும்போது போடிமெட்டுக்கு அப்பால் மழை கொட்டும். பூப்பாறையில் நல்ல மழை என்பார்கள். சாந்தன்பாறைச் சரிவில் உள்ள உங்கள் தோட்டத்தில் மண்கூட நனைந்திருக்காது. ஏலம் வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. தோட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்ற கணக்கு மட்டும் கையில் இருப்பதில்லை. செல்போன் சிக்னல் எட்டாத சரிவுகளில், கானல் காய்ந்ததா நனைந்ததா என்பதே ஜீப்பில் இறங்கி வருபவர் சொல்லித்தான் தெரிகிறது.

தொடர்மழையில் காய் அழுகல் வருமுன் மருந்தடிக்கவும், கோடையில் தண்ணீர் பாய்ச்சும் நாளைக் குறிக்கவும் இந்தக் கணக்கு வேண்டும். வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டிலோ, அறிவிக்கப்பட்ட வானிலை நிலையத்தின் அளவுதான் பேசும். அங்கே மழை பதிவாகி உங்கள் தோட்டம் காய்ந்தால், இழப்பு உங்களோடுதான்.

வானிலிருந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். கன்னியாகுமரி மாவட்டம் குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ எடையுள்ள ‘நியூசாட்’, 2017 ஜூன் 23 அன்று பி.எஸ்.எல்.வி.-சி38 ராக்கெட்டில் போனது. பயிர்களையும் பேரிடர்களையும் படம் பிடிப்பதே அதன் நோக்கம். நெல் வயலுக்கு அது பொருந்தும். ஏலம் நிழலில் வளரும் பயிராயிற்றே! மேலிருந்து எடுக்கும் படத்தில் நிழல் மரங்களின் தலைதான் தெரியும். அடியில் தட்டை பழுத்தாலும் தெரியாது. தென்மேற்குப் பருவத்தில் மேகம் மூடினால் மரமும் தெரியாது.

ஏலமலைக்குத் தோதானது இன்னொரு வகைச் செயற்கைக்கோள். படம் எடுக்காது, தபால்காரர் வேலை பார்க்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான ‘அனுசாட்’ அந்த வகை. 40 கிலோ எடை. 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஓரிடத்தில் செய்தியை வாங்கி நினைவில் வைத்துக்கொண்டு, வேறிடத்துக்கு மேலே வரும்போது கீழே சொல்லும். மூன்றாண்டு சுற்றிவிட்டு 2012இல் வளிமண்டலத்தில் விழுந்தது.

அடுத்து 2021 பிப்ரவரி 28 அன்று, ஸ்ரீபெரும்புதூர் ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி, கோவை ஸ்ரீ சக்தி பொறியியல் கல்லூரி, நாக்பூர் ராய்சோனி கல்லூரி ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த ‘யூனிட்டிசாட்’ தொகுப்பு போனது. அதன் நோக்கமும் வானொலிச் செய்தியைக் கடத்துவதே.

இதை உங்கள் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். மழைமானி, ஈரப்பத உணரி, சிறிய சூரியத் தகடு, ஆன்டெனா. இவ்வளவுதான் தோட்டத்தில் இருக்கும். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றும் கோள் பூமியை ஏறக்குறைய 95 நிமிடத்தில் ஒரு சுற்று வரும். ஓர் ஊரின் வானத்தில் நாளுக்கு நாலைந்து முறை, பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். எதிரே மலை மறைத்தால் அந்த நேரமும் குறையும். ஆனால் ஒரு நாள் மழை அளவைச் சொல்ல ஒரு நொடியே அதிகம். இந்திய வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்களும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பியிருக்கின்றன. அந்த இன்சாட் கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. தாழப் பறக்கும் கோளுக்குக் குறைந்த மின்சாரம் போதும்.

தடை உண்டு. மாணவர் கோள்கள் கற்றுக்கொள்வதற்காகச் செய்யப்பட்டவை, ஆயுள் குறைவு. அவற்றை நம்பி இன்று மருந்தடிக்க முடியாது. அதேசமயம் முழுக் கோளையும் செய்தாக வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கையே ஆய்வு மேடையாக்கி, ‘போயம்’ என்ற பெயரில் கல்லூரிகளின் கருவிகளுக்கும் இஸ்ரோ இடம் தருகிறது. 2024 டிசம்பர் 30 அன்று சென்ற அந்த மேடையில்தான் இஸ்ரோவின் எட்டுத் தட்டைப்பயறு விதைகள் நான்கே நாளில் முளைத்தன.

போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. இறுதியாண்டுத் திட்டத்துக்குப் பொருள் தேடும் மாணவர்களிடம், தரையில் வைக்கும் கருவியை முதலில் கேளுங்கள். மழையிலும் பனியிலும் ஒரு பருவம் தாங்கும் உணரியைச் செய்வதே பாதி வேலை.

அதுவரை சாதாரண மழைமானி ஒன்றை வையுங்கள். நிழல் மரத்தடியில் வைத்தால் கணக்குத் தப்பும். பக்கத்து மரத்தின் உயரத்தைப் போல் இருமடங்கு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். ஏலத்தோட்டத்தில் அப்படி ஓரிடம் கிடைப்பது கடினம். காய் உலர்த்தும் ஸ்டோர் முற்றம் பெரும்பாலும் ஒத்துவரும். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாளை கருவி வந்தால், அது சரியாகச் சொல்கிறதா என்று ஒப்பிட அந்த நோட்டுதான் தேவைப்படும்.